பத்தொன்பதாவது நாள் இறந்தவர் எந்தக் கணக்கில் வருவார்?

புது வருடம் பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆனால் போதும், நாளிதழின் ஏதோ ஒரு மூலையில் அந்தச் செய்தி வந்துவிடும். ‘சாலை விபத்து உயிரிழப்பு குறைந்தது’ என்றோ, ‘அதிகரித்தது’ என்றோ ஒரு தலைப்பு. கீழே போன வருடத்து எண், அதற்கு முந்தைய வருடத்து எண், நடுவில் ஒரு சதவிகிதம். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி ராசிபலனுக்குப் போய்விடுவார்கள். அவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பார்.

அவர் போலீஸில் இருந்தவர். 1986-ல் காவலராகச் சேர்ந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக 2023-ல் ஓய்வுபெற்றார். எஸ்.ஐ. ஆனாலும் ஊர் வாயில் கடைசிவரை ‘ஏட்டய்யா’தான். சர்வீஸில் பாதி நாள் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. சென்னை - திருச்சி நாற்கரச் சாலையை ஒட்டிய ஸ்டேஷன்களாகவே மாறி மாறி வாய்த்ததால், திருட்டு, அடிதடி வழக்குகளைவிட அவர் கையால் எழுதியது விபத்து வழக்குகள்தான் அதிகம்.

எழுதியதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, நீளக் கணக்கு நோட்டு, அதில் தன் ஸ்டேஷனில் பதிவாகும் ஒவ்வொரு விபத்தையும் தனியாகக் குறித்து வைப்பார். தேதி, நேரம், இடம், எந்த வண்டி, என்ன காயம். இதெல்லாம் அரசாங்க ரிஜிஸ்டரிலும் இருப்பதுதான். அதில் இல்லாத ஒரு கட்டத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அவராகச் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு: ‘பிறகு’.

அந்தக் கட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒற்றை வரிகள். ‘இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.’ ‘பிளஸ் டூ எழுதவில்லை.’ ‘லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார்.’ ‘பேச்சு இல்லை. ஆள் தெரிந்தால் சிரிக்கிறார்.’ சம்மன் கொடுக்கவோ, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவோ போகிற வழியில் விசாரித்துத் தெரிந்துகொண்டவை அவை.

யாரும் கேட்காத இந்த வேலையை ஏன் செய்தார் என்று மகள் ஒருமுறை கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். “மாசாமாசம் ஸ்டேட்மென்ட்ல ‘காயம் 14’னு போட்டு அனுப்புறேன்மா. அந்தப் பதினாலு பேரும் எழுந்து வேலைக்குப் போயிட்டாங்கன்னு மேல இருக்கறவங்க நினைச்சுக்குவாங்கல்ல?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாலை விபத்தில் காயம் என்றால் சட்டத்தின் கண்ணில் இரண்டே ரகம்: சாதாரணக் காயம், கொடுங்காயம். அவர் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தில், 320-வது பிரிவு கொடுங்காயம் எது என்று பட்டியல் போடும். கண் போனாலும் கொடுங்காயம். கால் போனாலும் கொடுங்காயம். ஒரு பல் உடைந்தாலும் அதே கொடுங்காயம்தான். பல் உடைந்தவரும், மண்டை உடைந்து நினைவில்லாமல் கிடப்பவரும் ஒரே கட்டத்தில் ஒரே ‘1’ ஆகப் போய் உட்காருவார்கள். 2022-ல் இந்தியா முழுக்கச் சாலை விபத்தில் காயமடைந்தவர்கள் 4,43,366 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த நாலரை லட்சத்துக்குள் எத்தனை பெட்டிக்கடைகள், எழுதப்படாத எத்தனை பிளஸ் டூ பரீட்சைகள் என்று எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

சரி, காயத்தின் கதைதான் இப்படி; சாவுக் கணக்காவது துல்லியமாக இருக்குமல்லவா? செத்தவர் செத்தவர்தானே?

அங்கேதான் ஏட்டய்யா கண்ணாடியைக் கழற்றுவார்.

ஒரு விபத்து எண்ணாக மாறுவது எப்படி என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வந்து அரசு மருத்துவமனையில் சேர்க்கிறது. டூட்டி டாக்டர் ‘ஏ.ஆர். காப்பி’ எனப்படும் விபத்துப் பதிவேட்டில் காயங்களை எழுதுகிறார். ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. ஏட்டு போய் வாக்குமூலம் வாங்கி வருகிறார். எஃப்.ஐ.ஆர். போடும்போது ஆள் உயிரோடு இருந்தால் இ.த.ச. 279, 337 அல்லது 338. அதாவது அஜாக்கிரதையாக ஓட்டியது, காயப்படுத்தியது. இறந்துவிட்டால் 304ஏ. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறிவிட்டன, முறை மாறவில்லை.

சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உயிரோடு சேர்க்கப்பட்டவர் ஆறாம் நாள் வேறு மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிறார். அங்கிருந்து இறப்புத் தகவல் இந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டும். வந்தபின் ரைட்டர் பிரிவு மாற்ற அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் அந்த மாத ஸ்டேட்மென்ட் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும். அதில் அவர் ‘காயம்’. அடுத்த மாத ஸ்டேட்மென்டில் திருத்தம் போட வேண்டும். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணம் என்பது விதி. அந்த முப்பது நாளும் யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வழக்குக் கட்டில் திருத்தம் ஏறும், ஸ்டேட்மென்டில் ஏறாமல் போகும். “பந்தோபஸ்து டூட்டி இருக்கிற மாசத்துல எவன் சார் ஞாபகம் வெச்சிருப்பான்?” என்பார், தன்னையும் சேர்த்து.

இதை ஒரு ஸ்டேஷன் கதை என்று விட்டுவிடலாம். ஆனால், தமிழ்நாட்டின் எண்களைப் பாருங்கள்.

2016-ல் மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,218 பேர் என்றது கணக்கு. 2017-ல் 16,157. அடுத்த வருடமே 12,216. 2019-ல் 10,525. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட 39 சதவிகிதம் சரிவு. நாடே வியந்தது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மேடைகளில் தமிழ்நாட்டை முன்மாதிரியாகச் சொன்னார். காரணங்களும் நம்பும்படியாகவே இருந்தன. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலை ஓரத்து டாஸ்மாக் கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது என்று பிடிபட்டவர்களின் லைசென்ஸ்களை முடக்கினார்கள். 108 வண்டிகளும் பெருகியிருந்தன.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் பேப்பரில் இருந்த எண்களை வைத்து விளையாட்டாக ஒரு வகுத்தல் போட்டாள். நூறு விபத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்? 2016-ல் 71,431 விபத்து, 17,218 மரணம்: நூற்றுக்கு 24. 2017-லும் ஏறக்குறைய அதே. 2019-ல் 57,228 விபத்து, 10,525 மரணம்: நூற்றுக்கு 18.

“அப்பா, விபத்து குறைஞ்சா சரி. ஆனா நடக்கிற விபத்துலயும் சாவு இவ்ளோ குறையணும்னா வண்டிங்க மெதுவாப் போகணும், இல்ல எல்லாரும் ஹெல்மெட் போடணும். நம்ம ரோட்டுல அப்படி என்ன மாறிச்சு?”

அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்துவந்து அந்த வருடங்களைப் புரட்டினார். அவருடைய ‘பிறகு’ கட்டத்தில் சாவுகள் அப்படியொன்றும் குறைந்திருக்கவில்லை.

பின்னால் என்ன நடந்தது என்பது அறிக்கைகளிலேயே இருக்கிறது. 2019-க்கான தமிழ்நாட்டின் உயிரிழப்பு எண் திருத்தப்பட்டது: 10,525 என்பது 18,129 ஆனது. கொரோனா வருடமான 2020-க்கு முதலில் 8,060 என்று வந்த எண் 14,527 ஆனது. இந்த மாற்றத்தால் இந்தியாவின் மொத்தக் கணக்கே நகர்ந்தது. 2019-ல் நாடு முழுக்க 1,51,113 பேர் என்று அச்சானது 1,58,984 ஆயிற்று. ஒரு வருடத்தில் 7,604 பேர், அவரவர் ஊரில் காரியம் முடிந்து திதியும் கொடுத்த பிறகு, அரசாங்கக் கணக்கில் இறந்தார்கள்.

திருத்தியதைக் குறை சொல்வதற்கில்லை. தப்பான எண்ணை மறைத்து வைப்பதைவிட மாற்றி எழுதுவது எவ்வளவோ மேல். ஆனால், முன்மாதிரி என்ற பேச்சுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை. இன்றும் ‘2016-ல் இவ்வளவு, 2019-ல் இவ்வளவு’ என்று பழைய கோட்டை வரைந்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். ஒரு அளவுகோலில் எடுத்த எண்ணையும் இன்னொன்றில் எடுத்ததையும் ஒரே கோட்டில் ஒட்டக்கூடாது என்று கணக்கு டீச்சருக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் அவள் சொல்வாள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடம் என்று ஒவ்வொரு வருடமும் தலைப்பு வரும். 2022-ல் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். உத்தரப் பிரதேசத்தில் அதே வருடம் 41,746 விபத்துகள்தான். இறந்தவர்களோ 22,595 பேர். அங்கே இரண்டு விபத்துக்கு ஒருவருக்கு மேல் சாகிறார் என்று அர்த்தமா? அங்கே சின்ன விபத்துகள் ஸ்டேஷன் வரைக்கும் வருவதில்லை. இங்கே கை முறிந்தாலும் இன்ஷூரன்ஸுக்காகவாவது எஃப்.ஐ.ஆர். போடுகிறோம். ஆக, விபத்துகளின் எண்ணிக்கை என்பது பாதி சாலையின் கணக்கு, மீதி ஸ்டேஷனின் கணக்கு.

இவையெல்லாம் ஏட்டய்யாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிப்போனது என்பதற்கு ஒரு வழக்கு காரணம்.

2022 ஆகஸ்டில், இரவு ஏழரை மணிக்கு, சைக்கிளில் நாற்கரச் சாலையைக் கடந்த ஒரு கொத்தனாரை ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. மீடியனில் டீக்கடைக்கு எதிரே இருக்கும் இடைவெளியில் கடந்திருக்கிறார். (நாட்டில் விபத்துகள் அதிகம் நடப்பது மாலை 6 முதல் 9 மணிக்குள்; பெரும்பகுதி வளைவில் அல்ல, நேரான சாலையில். அந்த இடமும் நேரான சாலைதான்.) தலையில் அடி. 108 வந்தது, தூக்கிப்போனது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருந்தது. எஃப்.ஐ.ஆரில் 279, 338, கொடுங்காயம்.

நவம்பரில், ‘வாகனம் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வழக்கை முடிக்கும் நோட்டீஸைக் கொடுக்க அவர் அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் கொத்தனாரின் மனைவி முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்காரர் எப்படி இருக்கார்ம்மா?”

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவரு போயி மூணு மாசம் ஆகப்போவுதே ஏட்டய்யா. உங்களுக்குத் தெரியாதா?”

பதினாறாம் நாள், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட, சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் நடப்பதுதானே. சாகப்போகிற மனுஷன் சொந்த வீட்டுத் திண்ணையில் கிடக்கட்டும் என்று. பத்தொன்பதாம் நாள் விடியற்காலை உயிர் போயிற்று. அன்று மாலையே அடக்கம். ஆஸ்பத்திரி ஏட்டில் அவர் வீட்டுக்குப் போனவர். ஸ்டேஷன் ஏட்டில் காயம்பட்டவர். போஸ்ட்மார்ட்டம் இல்லை. இறப்புச் சான்றிதழ் மட்டும் முறையாக வாங்கியிருந்தார்கள்.

நோட்டீஸைக் கொடுக்காமலே அவர் திரும்பி வந்தார்.

அடித்துவிட்டுத் தப்பிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் மத்திய அரசு இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் அது இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களுக்கு மட்டுமல்ல. கோவையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. அதில் இருக்கும் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும். 2022-ல் மட்டும் 67,387 விபத்துகள், அடித்துவிட்டு ஓடியவை. 2022-23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் வெறும் 205. இனி, ஒரு மாதத்துக்குள் வண்டி பிடிபடாவிட்டால் இப்படியொரு திட்டம் இருப்பதைப் போலீஸே எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

கொத்தனார் விஷயத்துக்கு அந்த உத்தரவு ரொம்பப் பின்னால் வந்தது. ஏட்டய்யா முன் இருந்த கேள்வி இதுதான்: இவர் எந்தக் கட்டம்? காயமா, மரணமா? 50,000-மா, 2 லட்சமா?

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஆனாலும் யோசித்தார். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் பிரிவு மாற்றினால் கேள்வி வரும். தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுத்துப் பரிசோதனை செய்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். அதைக் கொண்டுபோய் அந்தம்மாவிடம் சொல்லும் வேலையும் ஏட்டய்யா தலையில்தான் விழுந்தது.

“வேணாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்தார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, “மூணு வாரம் ஊசி குத்திக் குத்திக் கெடந்தாரு. இப்பத்தான் நிம்மதியாப் படுத்திருக்காரு. அம்பதாயிரம்னா அம்பதாயிரம், அதுவும் இல்லன்னாலும் போவுது” என்றார்.

அதன் பிறகு ஏட்டய்யா செய்தது எல்லாம் காகித வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை நடந்து, சிகிச்சைப் பதிவுகளின் நகலை வாங்கினார். தலைக்காயத்தின் தன்மை என்ன, வீட்டுக்கு அனுப்பும்போது நிலைமை என்ன, அந்தக் காயத்தால் மரணம் நேர்ந்திருக்குமா என்று சிகிச்சை அளித்த டாக்டரிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார். முதல் இரண்டு தடவை டாக்டர் லீவு. மூன்றாவது தடவை, ‘ஆளைப் பார்க்காமல் இறப்புக்கு எப்படிக் கருத்துச் சொல்வது’ என்று கேட்டார். நாலாவது தடவை இறப்புச் சான்றிதழையும், அடக்கம் நடந்ததற்குக் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த கடிதத்தையும், பக்கத்து வீட்டார் இருவரின் வாக்குமூலத்தையும் சேர்த்து வைத்தார். டாக்டர் எழுதிக்கொடுத்தார். 2023 பிப்ரவரியில் பிரிவு மாறியது. மே மாதம் ஏட்டய்யா ஓய்வுபெற்றார். இழப்பீட்டு மனு வருவாய்த் துறை அலுவலகத்தில் இருந்தது. மாலை போட்டு அனுப்பிய மறுவாரமே பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்து விசாரித்தார். இரண்டு லட்சம் அந்தம்மாவின் கணக்கில் ஏற அடுத்த வருடம் கோடை வந்துவிட்டது. மகளிர் சுய உதவிக் குழுக் கடனை அடைத்தார். மகனுக்கு ஐ.டி.ஐ. இடம் வாங்கியாயிற்று.

இப்போதெல்லாம் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான ஒருங்கிணைந்த விபத்துத் தரவு முறை வந்துவிட்டது. விபத்து இடத்திலேயே போலீஸார் செல்போனில் பதிவுசெய்கிறார்கள். ஆஸ்பத்திரி, போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறைகள் அதே பதிவில் சேர்க்கலாம். ஆஸ்பத்திரியில் நடக்கும் மரணங்கள் முன்போல நழுவாது என்று ஏட்டய்யாவும் ஒப்புக்கொள்கிறார். திண்ணையில் போகும் உயிருக்குத்தான் யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் தெரிந்தவர் தெரியாதவர் யார் விபத்து என்று வந்து நின்றாலும் அவர் சொல்வது இதுதான்: “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு கையெழுத்துப் போடறப்பவே ஸ்டேஷனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஏ.ஆர். காப்பியும் டிஸ்சார்ஜ் சீட்டும் பத்திரம்.”

2023-க்கான அறிக்கையில் இந்தியாவில் 1,72,890 மரணங்கள். மணிக்கு இருபது பேர். தமிழ்நாட்டில் 18,347, நாளொன்றுக்கு ஐம்பது பேர். போன வருடத்தைவிட அதிகம் என்று பேப்பர் சொன்னது. சாலை மோசமானதா, எண்ணுவது சரியானதா என்று மகளும் அவரும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினார்கள். பேரன்தான், “ரெண்டும் இருக்கலாம் தாத்தா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனான்.

டீக்கடை எதிரே இருக்கும் மீடியன் இடைவெளியை மூடச் சொல்லி ஏட்டய்யா ஒரு மனு கொடுத்திருக்கிறார். அவர் நோட்டின்படி பதினோரு வருடத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒன்பது பேர். நெடுஞ்சாலைத் துறையினர் இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போனார்கள். ஊரில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். மூடினால் அந்தப் பக்கம் போக ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும். எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் கொத்தனாரின் மனைவியும் ஒருவர். அவர் தினக்கூலிக்குப் போகும் நர்சரித் தோட்டம் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.